கள்ளக்கீரைக் கணக்கு

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ஏறி
ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறேன்.
வர்த்தூர் ஏரிக்கரையில் எனக்கு வேலை
கீரை எண்ணுவது.

சிரிக்காதீர்கள். சம்பளம் உண்டு,
மஞ்சள் தொப்பி உண்டு,
இரண்டு கட்டம் போட்ட படிவம் உண்டு:
செடி. விலங்கு.

கரையில் தண்டுக்கீரை போடுகிற முனிரத்னம்மா
இதைக் கள்ள சொப்பு என்பாள்.
நாங்கள் கள்ளக்கீரை என்கிறோம்.
இரண்டு மொழியிலும் அது திருடுதான்.

மேலே நாலு இலை,
நரம்போடு, ஓரத்தில் பூச்சி அரித்த துளையோடு.
அந்தத் துளையும் பொய்.
இலைக்குக் கீழே எலும்பும் மயிரும்
மண்வெட்டி நகமுமாய் ஒரு முழம் உடம்பு.
எந்தக் காலத்துப் பெருச்சாளிக்கு
எத்தனை லட்சம் தலைமுறை தாண்டிப் பிறந்ததோ,
கண்ணை இருட்டுக்குக் கொடுத்துவிட்டு
வெயிலை முதுகால் பார்க்கிறது.

ராத்திரியில் வேரைப் பிடித்து இழுக்கும்.
முழுக் கீரையும் சத்தமில்லாமல் கீழே போகும்.
சாறு வயிற்றுக்கு.
பச்சையை மட்டும் செரிக்காமல் பிரித்துத்
தன் இலைகளில் சேர்த்துக்கொள்ளும்.
பகலெல்லாம் அந்தக் களவுப் பச்சையில்
வெயில் காய்ச்சிக் குடிக்கும்.

நிமிடத்துக்கு நாலு துடிப்பு.
உள்ளங்கையை மண்ணில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.
ஒன்று.
குஞ்சூர் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.
இரண்டு.
ஏரியின் நுரை ஒரு துண்டு பறந்து வந்து தோளில் உட்காரும்.
நாலும் வந்தால் விலங்கு.
வராவிட்டால் கீரை, இல்லையென்றால்
எனக்குப் பொறுமை போதவில்லை.

முனிரத்னம்மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை.
கருக்கரிவாளைக் கிட்டே கொண்டுபோவாள்.
கீரை காற்றுக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.
இது மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.
பாத்தியில் பாதியைத் தின்றதற்கு
அதன் வம்சத்தையே திட்டிவிட்டு
அடுத்த தண்டுக்கு நகர்வாள்.
ரத்தம் பட்ட கட்டை எவன் வாங்குவான்?

நாற்பத்தொன்று எண்ணினேன்.

இன்ஜினியர் தேபாஷிஷ் படிவத்தைப் பார்த்தார்.
விலங்கு என்றால் வனத்துறை, அனுமதி, ஆறு மாதம்.
செடி என்றால் ஜேசிபி, ஒரே காலை.
அதட்டவில்லை. டீ சொன்னார்,
சர்க்கரை குறைவாக, எனக்குப் பிடித்தபடி.
பிறகு பேனாவை நீட்டினார்.

நாற்பத்தொன்றையும் செடிக் கட்டத்தில் எழுதினேன்.
ஒவ்வொன்றும் நிற்கிற இடம்,
தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம்.

அன்றைக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.
தூக்கம் கிடைக்கவில்லை.
அப்பா பூமிக்குள் இருக்கிறார் என்பதற்கு
மேலே ஆணியில் தொங்கிய பித்தளை வில்லைதான் சாட்சி.
எண் 2217.
ஏன் அது ஞாபகம் வந்தது என்று கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை ஜேசிபி வந்தது.
முதல் புள்ளியில் வெறும் மண்.
இரண்டாவதில் வெறும் மண்.
ஏழாவதில் ஒற்றைச் செருப்பு.
"செடியெல்லாம் எங்கே?" என்றார் தேபாஷிஷ்.
செடி எங்கே சார் போகும், என்றேன்.

சாயங்காலம் பார்த்தேன்.
வீடு வாங்க வருகிறவர்கள் படமெடுத்துக்கொள்ளும்
மாதிரி வீட்டின் புல்வெளியில்
அங்கங்கே நாலு நாலு இலை.
எண்ணினேன். நாற்பத்துமூன்று.
இரண்டு மிகச் சின்னது,
இலை இன்னும் விரியவில்லை.
தோட்டக்காரர் திப்பேசாமி குழாயைத் திருப்பி
நிதானமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
யாரோ புதிதாக நட்டிருக்கிறார்கள்,
நன்றாக வேர் பிடித்துவிட்டது என்றார்.
அவருக்குப் பின்னால் சுவரோரம்
புல் வெட்டும் இயந்திரம்,
சனிக்கிழமைக்காக எண்ணெய் போட்டுத் துடைத்து.

இன்று வெள்ளி.
என் சாப்பாட்டுப் பையில், ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில்,
கைக்குட்டையில் சுற்றிய ஸ்பார்க் பிளக்.
பெட்டியெல்லாம் பெட்ரோல் வாடை அடிப்பதுபோல் இருக்கிறது.
பங்காரப்பேட்டை தாண்டி டிக்கெட் பரிசோதகர் வருகிறார்.
சீசன் டிக்கெட் இருக்கிறது, கையில்தான் இருக்கிறது.
ஆனாலும் ஜன்னல் காற்றுக்கு முந்தானைகூட ஆடாமல்
இழுத்துப் பிடித்துக்கொண்டு
மூச்சை விடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.